என் மகளின் கண்கள் யாருடைய கண்களைப்போல் ஓட வேண்டும்?

வாசிப்பு மதிப்பீட்டு முன்னோடித் திட்டத்தை நடத்தும் ஆய்வுக் குழுவினருக்கும், அதைத் தன் தமிழ் வகுப்புகளில் ஏற்றுக்கொண்ட நிலைய நிர்வாகத்தினருக்கும்,

சென்ற வாரம் நீங்கள் அனுப்பிய மூன்று பக்க அறிக்கை கிடைத்தது. தொடக்கநிலை நான்கில் படிக்கும் என் மகளுக்கு ஆங்கில வாசிப்பில் 81, தமிழ் வாசிப்பில் 46 என்று போட்டிருந்தீர்கள். மதிப்பெண்ணுக்குப் பெயர் ‘கண்பாதை ஒற்றுமை’. படிக்கும்போது பிள்ளையின் கண் ஓடும் வழியைக் கருவியால் பதிந்து, ஒப்பிட்டுப் போடும் எண். 60க்குக் கீழே வந்த பிள்ளைகள் அடுத்த தவணையிலிருந்து சனிக்கிழமைக் கதை நேரத்துக்கு வர வேண்டாம், அந்த முக்கால் மணி நேரம் திரையில் ஓடும் பந்தைக் கண்ணால் பின்தொடரும் பயிற்சிக்குப் போக வேண்டும் என்பது கடைசிப் பத்தி. வெள்ளிக்கிழமைக்குள் கையொப்பமிட்டு அனுப்பச் சொல்லியிருந்தீர்கள்.

நான் கையொப்பமிடவில்லை. காரணத்தை உங்களுக்கு மட்டும் எழுதியிருக்கலாம். ஆனால் அதே தாளைக் கையில் வைத்துக்கொண்டு, எண்ணைப் பார்த்துப் பயந்து, யாரிடம் கேட்பதென்று தெரியாமல் நிற்கும் பெற்றோரை வகுப்பு வாசலில் பார்த்தேன். அதனால் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் தமிழாசிரியை இல்லை, கண் மருத்துவரும் இல்லை. வரிசைகளை ஒப்பிடுவதுதான் என் தொழில். 15 ஆண்டுகளாக மரபணு வரிசைகளைக் கணினியில் அடுக்கி, இது அதோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்த்துச் சம்பளம் வாங்குகிறேன். ‘ஒற்றுமை 46’ என்று யாராவது ஒரு தாளை நீட்டினால் நான் முதலில் கேட்பது: எதோடு ஒற்றுமை, எந்த அளவுகோலால்? உங்கள் மூன்று பக்கத்தில் இந்த இரண்டுக்கும் பதில் இல்லை.

சோதனை நடந்த அன்று நானும் கூடவே இருந்தேன். நடத்திய தம்பி பொறுமைசாலி, அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. திரைக்கு அடியில் அந்தச் சின்னக் கருவி. முதலில் திரையில் ஒரு புள்ளி இங்கும் அங்கும் தோன்ற, மகள் அதைப் பார்க்க வேண்டும். அவள் பார்க்கும் இடத்தைக் கருவி அப்படித்தான் கற்றுக்கொள்கிறது. மகள் கண்ணாடி போடுகிறவள். சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி முடிப்பதற்குள் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வந்துவிடுகிறது, ஆகவே இது விதிவிலக்கு இல்லை. “அக்கா, கண்ணாடியில வெளிச்சம் அடிக்குது, கொஞ்சம் கீழ இறக்கிப் போடச் சொல்லுங்க” என்றார் தம்பி. மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, தாத்தா நாளிதழ் படிப்பதுபோல் உட்கார்ந்தாள். மூன்றாவது முறைதான் கருவி ஒப்புக்கொண்டது.

ஆங்கிலப் பகுதியை மனத்துக்குள் படிக்கச் சொன்னீர்கள். தமிழ்ப் பகுதியைச் சத்தமாகப் படிக்கச் சொன்னீர்கள். ‘உச்சரிப்பையும் பார்த்துவிடலாமே’ என்ற நல்லெண்ணமாக இருக்கலாம். ஆனால் வாய்விட்டுப் படிக்கும்போது கண் வாய்க்காகக் காத்திருக்கும். ஓரிடத்தில் கூடுதல் நேரம் தங்கும். கண்ணுக்கும் குரலுக்கும் உள்ள இந்த இடைவெளியைப் பற்றி கை பஸ்வெல் என்ற ஆய்வாளர் 1920லேயே தனி நூல் எழுதிவிட்டார். என்ன வேலை கொடுக்கிறோமோ அதற்கேற்பக் கண்பாதை மாறும் என்பதற்கு இந்தத் துறையில் எல்லாரும் காட்டும் உதாரணம் ரஷ்யரான யார்பஸ். ஒரே ஓவியத்தை ஒரே ஆளிடம் காட்டி, ‘இவர்களின் வயது என்ன?’, ‘இந்தக் குடும்பம் வசதியானதா?’ என்று வேறுவேறு கேள்வி கேட்டார். ஒவ்வொரு கேள்விக்கும் கண் வேறு வழியில் போனது. 1960களில் வந்த நூல் அது. அப்படியிருக்க, ஒரு மொழியை மௌனமாகவும் இன்னொன்றைச் சத்தமாகவும் படிக்கவைத்து, 81ஐயும் 46ஐயும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் அச்சடித்திருக்கிறீர்கள். இரண்டையும் பார்க்கும் பெற்றோர் மனத்தில் என்ன வரும்? ‘பிள்ளைக்குத் தமிழ் வராது போல.’

முடிந்ததும் தம்பி பதிவை ஓடவிட்டுக் காட்டினார். பக்கத்தின் மேல் சிவப்பு வட்டங்கள்: கண் தங்கிய இடம் வட்டம், தங்கிய நேரம் கூடினால் வட்டம் பெரிது, வட்டத்துக்கு வட்டம் ஒரு கோடு. பார்க்க அழகுதான். ஆனால் தமிழ்ப் பக்கத்தின் கீழ்ப்பாதியில் வட்டங்கள் வரியின்மேல் உட்காராமல் வரிக்கும் வரிக்கும் நடுவில் மிதந்தன. அவள் ஆறாம் வரியை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருக்கும் குரல் கேட்கிறது. வட்டங்கள் ஐந்தாம் வரியில் விழுகின்றன. கேட்டேன். “அது டிரிஃப்ட், அக்கா. சாஃப்ட்வேரே சரிசெய்துவிடும்” என்றார். கருவி காட்டும் இடம் மெல்ல நகர்ந்து பிறழ்வதைச் சொல்கிறார். சரிசெய்யும் வழிமுறைகள் பல உண்டு என்பதும், எந்த வகைப் பிறழ்வுக்கு எது பொருந்தும் என்பது மாறும் என்பதும், அவற்றை ஒப்பிட்டு 2022ல் விரிவான ஆய்வுக் கட்டுரையே வந்திருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். என் மகளின் பக்கத்துக்கு எதைப் பயன்படுத்தினீர்கள்? ஒரு வரி தவறாக ஒட்டப்பட்டால் அந்த வரி முழுக்க ‘ஒற்றுமை இல்லை’ என்றாகிவிடும் அல்லவா?

இன்னொன்றையும் அங்கேயே பார்த்தேன். ஒவ்வொரு சொல்லைச் சுற்றியும் மென்பொருள் ஒரு மெல்லிய பெட்டி போட்டிருந்தது. கண் எந்தப் பெட்டிக்குள் விழுந்ததோ அந்தச் சொல்லைப் படித்ததாகக் கணக்கு. ‘கொ’வில் தொடங்கும் ஒரு சொல்லின் பெட்டி, கொம்பை வெளியே விட்டுவிட்டுக் ககரத்திலிருந்து தொடங்கியது. கொம்பின்மேல் விழுந்த பார்வை முந்திய சொல்லின் கணக்கில் சேர்ந்தது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், துணைக்கால் ஒரு பக்கமாகச் சிதறி அச்சான தமிழ் அறிவிப்புகளைப் பொது இடங்களில் பார்த்துப் பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். அதே கோளாறு இப்போது பிள்ளைகளின் கண்ணுக்குள்ளும் வந்துவிட்டதே என்று சிரிப்புதான் வந்தது. சரி, சிரித்துவிட்டு விடலாம் என்றால், அந்தப் பெட்டிகளிலிருந்துதான் 46 பிறந்திருக்கிறது.

இனி ஒப்பீட்டுக்கு வருகிறேன். இதுதான் என் தொழில் என்பதால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மற்றப் பெற்றோருக்காக ஒரு விளக்கம். படிக்கும்போது கண் வரிமேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை. ஓரிடத்தில் தங்கும், அடுத்த இடத்துக்குத் தாவும், மறுபடி தங்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸில் கண் மருத்துவர் எமில் ஜவாலின் ஆய்வுக்கூடத்திலேயே இதைக் கவனித்துவிட்டார்கள். ஆங்கிலம் நன்றாகப் படிக்கும் பெரியவர் ஓரிடத்தில் ஏறக்குறைய கால் விநாடி தங்குகிறார், 7 முதல் 9 எழுத்து தாவுகிறார். அவருடைய தாவல்களில் நூற்றுக்கு 10 முதல் 15 பின்னோக்கிப் போகின்றன. இந்தக் கடைசி எண்ணை நினைவில் வையுங்கள். நன்றாகப் படிப்பவரும் திரும்பிப் பார்க்கிறார்.

இரண்டு பேரின் பாதையை ஒப்பிட ஓர் எளிய வழி, ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எழுத்தைப் பெயராகக் கொடுத்து, கண் போன வரிசையை எழுத்துத் தொடராக எழுதிவிடுவது. பிறகு ஒரு தொடரை இன்னொன்றாக மாற்ற எத்தனை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று எண்ணுவது. 1965ல் கணிதவியலாளர் விளாதிமிர் லெவன்ஷ்டைன் சொன்ன அளவு இது. கைப்பேசியில் நாம் தப்பாகத் தட்டும் சொல்லைத் திருத்தவும் இதே அளவு உதவுகிறது.

உங்கள் சோதனைப் பகுதியிலிருந்து வாக்கியத்தை எடுத்துப் போடுவது முறையல்ல. பாட்டியையும் கடைசி வினையையும் மட்டும் வைத்துக்கொண்டு, அதே அமைப்பில் நானே ஒன்று எழுதுகிறேன்:

பாட்டி கொடுத்த கொழுக்கட்டையைத் தம்பிக்குப் பிட்டுக்கொடுத்தாள்.

ஐந்து சொற்கள். அ, ஆ, இ, ஈ, உ என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகளை ஒப்பிட நீங்கள் வைத்திருக்கும் மாதிரிப் பாதை அஆஇஈஉ. நேராகப் போய் முடிந்துவிடுகிறது.

இப்போது என் மகள். பதிவில் இந்த மாதிரியான வாக்கியத்தில் அவள் கண் கடைசிச் சொல்வரை போனது, அங்கிருந்து முதல் சொல்லுக்குத் திரும்பியது, இரண்டாம் சொல்லைத் தொட்டது, மறுபடி கடைசிக்கு வந்தது. அஆஇஈஉஅஆஉ. அவளிடம் ஏன் என்று வீட்டுக்கு வந்து கேட்டேன். “பாட்டின்னா ‘கொடுத்தார்’னுதானே வரணும்? ‘கொடுத்தாள்’னு இருந்துச்சு. அப்ப பாட்டி இல்ல, அந்தப் பொண்ணுதான். சரியான்னு பார்த்தேன்” என்றாள்.

இதைவிட நல்ல வாசிப்பு எது என்று எனக்குத் தெரியவில்லை. வாக்கியம் ‘பாட்டி’ என்று தொடங்குகிறது. யாரானாலும் பாட்டிதான் எழுவாய் என்று நினைப்பார்கள். வினை கடைசியில்தான் வருகிறது. அதன் விகுதியில் மரியாதை இல்லை. வகுப்பில் ஆசிரியர் ‘ஆர்’ விகுதியைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார், பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு வாக்கியத்தை மனத்துக்குள் அவிழ்த்து மறுபடி கட்டியிருக்கிறாள். அந்த வேலைக்குத்தான் கண் திரும்பிப் போனது.

உங்கள் கணக்கில் இது என்ன ஆகிறது? மூன்று எழுத்து அதிகம். நீளமான தொடரில் 8 எழுத்து. 8ல் 3 பிழை, ஒற்றுமை 62.5. இன்னொரு பிள்ளை கொழுக்கட்டை என்ற நீண்ட சொல்லைப் பார்த்து மலைத்து அதைத் தாண்டிக் குதித்துவிட்டான் என்று வையுங்கள்: அஆஈஉ. ஒரே எழுத்துதான் குறை, 5ல் 1 பிழை, ஒற்றுமை 80. சொல்லைப் படிக்காமல் விட்டவனுக்கு 80, இலக்கணத்தைச் சரிபார்த்தவளுக்கு 62.5. இன்னும் ஒரே ஒரு சொல்லை அவள் திரும்பிப் பார்த்திருந்தால் 60க்குக் கீழே போயிருப்பாள்; உங்கள் விதிப்படி அவனுக்குக் கதை நேரம், இவளுக்குப் பந்து.

நான் உங்கள் மென்பொருள் இதைவிட முன்னேறியது என்பதை மறுக்கவில்லை. தம்பி பெருமையாகவே சொன்னார்: “மரபணு ஆராய்ச்சியில பயன்படுத்துற நவீன முறை, அக்கா.” நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு வரிசைகளை அடுக்கி ஒப்பிடும் நீடில்மன்-வுன்ஷ் முறையைத்தான் சொல்கிறார். அது 1970ல் வந்தது, என்னைவிட மூத்தது. தினமும் காலையில் நான் அதன் முகத்தில்தான் விழிக்கிறேன். 2010ல் ஸ்கேன்மேட்ச் என்ற பெயரில் அதைக் கண்ணசைவுக்குக் கொண்டுவந்தார்கள், நல்ல வேலைதான். பார்த்த இடங்களுக்கு இடையே உள்ள தூரத்தையும் அது கணக்கில் எடுக்கும், தங்கிய நேரத்தையும் எடுக்கும்.

ஆனால் அந்த முறையோடு வாழ்கிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். விடை வரிசைகளில் மட்டும் இல்லை, நாம் உள்ளே கொடுக்கும் தண்டத்திலும் இருக்கிறது. ஒரு வரிசையில் இருப்பது மற்றதில் இல்லையென்றால் அந்த இடைவெளிக்கு எவ்வளவு தண்டம் போடுவது என்று நாம்தான் முடிவு செய்கிறோம். அடுக்களை மேசையில் உட்கார்ந்து மேலே சொன்ன இரண்டு பாதைகளையும் போட்டுப் பார்த்தேன். இடைவெளிக்குத் தண்டம் இல்லை, மாதிரிப் பாதையின் நீளத்தால் வகுக்கிறேன் என்று வைத்தால் மகளுக்கு 100, தாவிக் குதித்தவனுக்கு 80. பாதைகள் அதேதான். இரண்டு அமைப்பை மாற்றினேன், முதலிடம் கைமாறிவிட்டது. இதையெல்லாம் உங்களுக்கு யார் அமைத்துக்கொடுத்தது? எந்த அடிப்படையில்? தயாரித்தவர்கள் தந்ததை அப்படியே விட்டுவிட்டீர்களா?

அதே 2010ல் வந்த மல்டிமேட்ச் என்ற முறை, பாதையின் வடிவம், திசை, தாவலின் நீளம், இடம், தங்கும் நேரம் என்று ஐந்தையும் தனித்தனியே அளந்து ஐந்து எண்களாகத் தருகிறது. இரண்டு பாதைகள் வடிவத்தில் ஒத்துப்போய் நேரத்தில் விலகலாம், இடத்தில் ஒத்துப்போய் திசையில் விலகலாம். துறைக்காரர்கள் பிரித்துப் பார்க்கப் பாடுபட்டதை நீங்கள் ஒரே எண்ணாக்கிப் பெற்றோரிடம் நீட்டியிருக்கிறீர்கள்.

அப்புறம், அந்த மாதிரிப் பாதை யாருடையது? தம்பியைக் கேட்டபோது, நன்றாகப் படிக்கும் பெரியவர்கள் சிலரின் ‘சராசரி’ என்றார். உயரத்துக்குச் சராசரி உண்டு. பாதைக்கு ஏது? உட்லண்ட்ஸிலிருந்து தேக்காவுக்கு ஒருவர் பேருந்தில் போகிறார், ஒருவர் எம்ஆர்டி ரயிலில் போகிறார் என்றால் இரண்டுக்கும் சராசரியான வழியில் தண்டவாளமும் இருக்காது சாலையும் இருக்காது. அந்தப் பெரியவர்களை ஒருவரோடொருவர் ஒப்பிட்டால் எத்தனை வரும்? அவர்களுக்குள்ளேயே 55தான் வருகிறதென்றால், பத்து வயதுப் பிள்ளையிடம் 60 கேட்பது எந்த ஊர் நியாயம்? பிள்ளைகளின் கண் பெரியவர்களைவிட அதிக நேரம் தங்கும், குறுகிய தூரமே தாவும், அடிக்கடி திரும்பும் என்பது பல மொழி ஆய்வுகளும் சொல்லும் பாலபாடம். என் மகளையே அடுத்த நாள் அதே பக்கத்தைப் படிக்கவைத்து அவளோடே ஒப்பிட்டால் எத்தனை வரும்? அதையும் நீங்கள் பார்க்கவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. எனக்குக் கொரிய மொழியில் ஓர் எழுத்தும் தெரியாது. ஒரு கொரியப் பக்கத்தை வைத்து, சொல்லுக்குச் சொல் இடமிருந்து வலமாகக் கண்ணை ஓட்டினால், உங்கள் முறையில் எனக்கு நல்ல மதிப்பெண் கிடைக்கும். வரியாக எழுதப்பட்ட எதையும் யார் மேய்ந்தாலும் ஓரளவு ஒற்றுமை தானாக வந்துவிடும். எங்கள் வேலையில் இரண்டு மரபணு ஒத்துப்போவதாகச் சொல்வதற்கு முன், ‘தற்செயலாக இவ்வளவு ஒற்றுமை வர எவ்வளவு வாய்ப்பு?’ என்று கேட்காமல் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். உங்கள் அறிக்கையில் அந்தக் கேள்வி எங்கே?

தமிழைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டாம் பக்கத்தில் ‘குறுகிய தாவல்: சராசரி 4 எழுத்து’ என்று சிவப்பில் குறித்திருக்கிறீர்கள். எதைவிடக் குறுகியது? ஆங்கிலத்தின் 7-9 எழுத்தைவிட. ‘கொ’ என்பது ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டு எழுத்து. ஓர் உயிர்மெய்க்குள் மெய்யும் இருக்கிறது, உயிரும் இருக்கிறது. நாலு தமிழெழுத்துத் தாவியவள் ஏறக்குறைய ஆங்கிலக்காரர் தாவும் ஒலியளவைத்தான் தாவியிருக்கிறாள். அதிலும் எழுத்து என்று எதை எண்ணினீர்கள்? ‘பிட்டுக்கொடுத்தாள்’ என்ற சொல்லில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எண்ணினால் 9 எழுத்து. எழுத்தையும் அதன் குறியையும் தனித்தனியே வைக்கும் யூனிகோடில் கணினி எண்ணினால் 18. உங்கள் மென்பொருள் எந்தக் கட்சி?

வீட்டில் அவள் பேசுவது ‘பாட்டி குடுத்த கொழுக்கட்டய தம்பிக்குப் பிட்டுக் குடுத்தா’. தாளில் இருப்பது வேறு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் தமிழை அதிகம் பேசுவதாகச் சொன்னவர்கள் 2.5 விழுக்காடு, அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன் 3.3. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கே எழுத்துத் தமிழை வகுப்பில்தான் அதிகம் காண வாய்க்கிறது. கண் கொஞ்சம் நின்று, தெரிந்த பேச்சுச் சொல்லோடு பொருத்திப் பார்த்துவிட்டு நகர்கிறது. அதற்கு ஆகும் நேரத்தைக் குறை என்று எழுதிவிட்டீர்கள்.

வெவ்வேறு மொழிகளில் மக்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று ஒரே முறையில் பதிவு செய்த பெரிய பன்மொழித் தொகுப்பு ஒன்று 2022ல் வெளிவந்தது, மீகோ என்பார்கள். 13 மொழிகள். கிரேக்கம் உண்டு, துருக்கி உண்டு, எஸ்டோனியன்கூட உண்டு. இந்திய மொழி ஒன்றுகூட அந்த முதல் தொகுப்பில் இல்லை. அதற்கு அவர்களைக் குறை சொல்லவில்லை. தமிழ்ப் பிள்ளையின் கண் இப்படித்தான் ஓட வேண்டும் என்று சொல்லுமளவுக்கு, எனக்குத் தெரிந்தவரை, இன்னும் யாரும் அளந்துவைக்கவில்லை என்பதைத்தான் சொல்கிறேன். அளக்காத இடத்தில் 60 என்று கோடு கிழித்தது நீங்கள்.

பந்துப் பயிற்சி எனக்கு எல்லாவற்றையும்விட வருத்தம் தந்தது. வாசிப்புச் சிரமம் உள்ள பிள்ளைகளுக்குக் கண் ஓட்டத்திலேயே கோளாறு என்று 1980களின் தொடக்கத்தில் பாவ்லிடிஸ் என்பவர் சொன்னார். மற்றவர்கள் திரும்பச் செய்து பார்த்தபோது அது நிற்கவில்லை. சொல் புரியாததால் கண் தடுமாறுகிறது; கண் தடுமாறுவதால் சொல் புரியாமல் போவதில்லை என்பதுதான் பொதுவாக ஏற்கப்பட்ட முடிவு. காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மருந்து கொடுக்காமல் தெர்மாமீட்டரைப் பனிக்கட்டியில் வைப்பது மாதிரி இருக்கிறது உங்கள் பயிற்சி. அதற்காக எடுத்துக்கொள்வது எந்த நேரத்தை? வாரத்தில் அவள் ஒரு தமிழ்க் கதையை முழுசாகக் கேட்டு, வாங்கி, தானும் ஒரு பக்கம் படிக்கும் ஒரே நேரத்தை.

இதில் எனக்கு ஆறாத ஒரு சங்கதி. படித்து முடித்ததும் அதே பகுதியிலிருந்து ஐந்து கேள்வி கேட்டீர்கள். ஐந்துக்கும் தமிழிலேயே சரியாகப் பதில் சொன்னாள். அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில், அடியில், பொடி எழுத்தில் ‘5/5’ என்று அதுவும் இருக்கிறது. 46ஐக் கொட்டை எழுத்தில் முதல் பக்கத்தில் போட்டீர்கள்.

நான் இந்த ஆராய்ச்சிக்கு எதிரி இல்லை. 2011ல் டைட்டஸ் வான் டெர் மால்ஸ்பர்க்கும் ஷ்ரவன் வசிஷ்டும் பொருள் மயங்கும் ஸ்பானிய வாக்கியங்களைப் படிப்பவர்களின் பாதைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள். ஒற்றுமை அளவை வைத்து யாரையும் தேர்ச்சி, தோல்வி என்று சொல்லவில்லை. ஒத்த பாதைகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, திரும்பிப் படிப்பதில் மூன்று விதம் இருக்கிறது என்று கண்டார்கள். என் மகள் ‘கொடுத்தாள்’ என்பதிலிருந்து ‘பாட்டி’க்குத் திரும்பியது தமிழில் எத்தனை பேரிடம் நடக்கிறது, எந்த வயதில் தொடங்குகிறது என்று நீங்கள் கண்டுபிடித்தால் நானே முதல் ஆளாக வந்து கேட்பேன். நான்கு அதிகாரத்துவ மொழிகள், மூன்று வகை எழுத்து, இரண்டு மொழி படிக்கும் பிள்ளைகள். இதற்கு இந்தத் தீவைவிட வசதியான இடம் கிடைக்குமா?

ஆகவே என் கோரிக்கைகள்.

அடுத்த தவணை தொடங்குமுன் 60 என்ற கோட்டை எடுத்துவிடுங்கள். இந்த எண்ணை வைத்து ஒரு பிள்ளையையும் கதை நேரத்திலிருந்து வெளியேற்ற வேண்டாம். ஏற்கெனவே கையொப்பமிட்டுவிட்ட பெற்றோருக்கு அதைத் திரும்பப் பெறலாம் என்று நீங்களே எழுதித் தெரிவியுங்கள், அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

அனுப்பிய அறிக்கைகளுக்குத் திருத்தம் அனுப்புங்கள். எந்த முறையால் ஒப்பிட்டீர்கள், இடைவெளிக்கு எவ்வளவு தண்டம், எதனால் வகுத்தீர்கள், மாதிரிப் பாதை எத்தனை பேருடையது, அவர்கள் வயதென்ன, தமிழ் அவர்களுக்கு எப்படிப்பட்ட மொழி, அவர்களுக்குள் ஒற்றுமை எவ்வளவு என்பதெல்லாம் அதில் வர வேண்டும். எங்களுக்குப் புரியாது என்று விடாதீர்கள். புரிகிறவர்கள் புரியாதவர்களுக்குச் சொல்லிக்கொள்வோம். மௌனமாகப் படித்த எண்ணையும் சத்தமாகப் படித்த எண்ணையும் ஒரே கட்டத்தில் வைக்காதீர்கள். புரிதல் கேள்விகளின் விடை முதல் பக்கத்துக்கு வரட்டும்.

என் மகளின் பதிவு முழுவதையும், திருத்துவதற்கு முன்னும் பின்னும் இருந்த வடிவில், எனக்குத் தாருங்கள். அது அவளுடைய கண். வேறு பெற்றோர் கேட்டாலும் கொடுங்கள்.

திட்டத்தைத் தொடர விரும்பினால் முதலில் இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளின் வாசிப்பை, வகுப்பு வாரியாக, மதிப்பெண் இல்லாமல் பதிவு செய்யுங்கள். சொற்பெட்டி போடும்போது தமிழாசிரியர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். கொம்பு எந்தச் சொல்லைச் சேர்ந்தது என்பதை அவர் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். ஒப்பிடும் பகுதியைச் சரிபார்க்க ஆள் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள், சனிக்கிழமைகளில் நான் அங்கேதான் இருக்கிறேன். கட்டணமாக ஒரு வெள்ளிகூட வேண்டாம்.

இரண்டு வாரத்துக்குள் எழுத்தில் பதில் வேண்டும். அதுவரை என் மகள் வழக்கம்போல் பத்து மணிக்குக் கதை நேரத்துக்கு வருவாள். அவளை வாசலில் நிறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
46 வாங்கிய பிள்ளையின் தாய்
உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்